தண்ணீரை வெட்டியவர்

மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து எஸ்டேட்டை வீட்டுமனைக்கு விற்றபோது, மேனேஜர் தர்மராஜ் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குத் தண்ணீரை வெட்டிக் குடும்பங்களை விரட்டினார். யுவராணி அப்போது அந்த லயத்துச் சிறுமி. பின்னாளில் பொருளாதார முனைவர் படிப்புக்கு உதவித்தொகை கேட்டு அவள் நேர்காணலுக்குப் போனபோது, அறக்கட்டளைத் தலைவராக அவரே உட்கார்ந்திருந்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

“எஸ்டேட்ட விட்டு வெரட்டுனதப் பத்தி ஆராய்ச்சியா? வேற தலைப்பு எடும்மா, முழுச் செலவும் நாங்க பாத்துக்கிறோம்லா.”

“வேணாம் சார்.”

அடுத்த ஆண்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, அதே தலைப்புக்கு முழு நிதியும் தந்து அவளைச் சேர்த்துக்கொண்டது. ஆய்வுக்காக முதலில் தர்மராஜுக்குத்தான் போன் போட்டாள்.

“லயத்துல தண்ணிய வெட்டச் சொன்னது யாரு சார்? உங்க பேரப் போட்டுத்தான் எழுதுவேன்.”

அவர் போனை வைத்துவிட்டார். யுவராணிக்கு நெஞ்சு குளிர்ந்தது.