மூன்றாம் நம்பர் கம்பி

1

இந்தக் கதைக்குக் காரணம் என் ஸ்கூட்டர். அந்தமானில், ஜங்லிகாட்டில் அதன் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டிருந்த மெக்கானிக்கின் சுவரில் ஒரு பழைய டூத்பிரஷ் தொங்கியது. நார்களைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஐந்து கம்பிகளைப் பதித்திருந்தார். மயிரிழை போன்றதில் தொடங்கி வரிசையாகத் தடிமன் கூடியது. ஒன்று முதல் ஐந்து வரை எண்களும் கீறியிருந்தன.

"கார்புரேட்டர் ஜெட்டோட ஓட்டைல அடைப்பெடுக்கவா?" என்றேன்.

"முன்னாடி அதுக்குத்தான். அப்புறம் எங்க புள்ளையோட பால்புட்டிக்கு. நிப்பிள் ஓட்டைய சரி பண்ண."*

"புள்ள இப்ப எப்படி இருக்கு?"

அவர் கிக்கரை உதைத்தார். இஞ்சின் சத்தத்தில் என் கேள்வி காணாமல் போயிற்று. திரும்பக் கேட்கத் துணிச்சல் வரவில்லை. எழுத மட்டும் துணிந்துவிட்டேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

(* படித்துவிட்டு யாரும் வீட்டில் ஊசியைச் சுட வேண்டாம். இது கதை. அப்படித்தான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

2

காவேரி ஜன்னலைத் திறந்தபோது கடல்—

(இல்லை. கராச்சர்மாவில் அவள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் தெரியும். அந்தமான் என்றதும் கடலைக் கொண்டுவந்து கொட்டுவது மெயின்லேண்டுக்காரர் வேலை.)

காவேரியின் பெண் குழந்தை எட்டு வாரம் முந்திக்கொண்டு பிறந்தது. இரண்டு மாதமாகியும் இரண்டு கிலோ முந்நூறுதான். உறிஞ்சப் பலமில்லை. நாலு வாய் இழுத்ததும் களைத்துக் கண்மூடிவிடும். வெள்ளிக்கிழமைக்குள் நூறு கிராமாவது ஏறாவிட்டால் சென்னைக்குத் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா.

மூன்று கிலோ ஆன பிறகு பெயர் வைக்கலாம் என்று அவள் கணவன் விஜயராஜ் சொல்லிவிட்டான். (மெக்கானிக்குக்கு நான் வைத்த பெயர். நிஜப் பெயரையும் நான் கேட்கவில்லை.) ஏன் என்று காவேரி கேட்கவில்லை. பிள்ளை போய்விட்டால் அந்தப் பெயரை என்ன செய்வது என்று அவன் பயப்படுகிறான். அவளுக்கும் அதே பயம்தான்.

3

விஜயராஜ் இரண்டாம் நம்பர் கம்பியை அடுப்பில் காட்டி, நிப்பிளில் குத்தி, புட்டியைக் கவிழ்த்துச் சொட்டுகளை எண்ணினான்.

"டீக் ஹை. கரெக்டா விழுது."

அன்று பால் இறங்கவேயில்லை. குழந்தை அழக்கூட இல்லை. காவேரி புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, எதை ஊத்தி எண்ணுனீங்க?"

"தண்ணிதான். ஜெட்ட அப்படித்தானே பாப்போம்? பெட்ரோலும் தண்ணி மாதிரிதான ஓடும்."

"அரே, புள்ள என்ன பெட்ரோலா குடிக்குது? பவுடர் கலக்குனா பாலு திக்கா இருக்காதா?"

இஞ்சின்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவமானத்தில் அவன் அவசரப்பட்டான். "தோடா, கொஞ்சமா பெருசாக்குறேன்," என்று மூன்றாம் நம்பர் கம்பியைச் சுட வைத்தான். அவர்களிடம் இருந்தது அந்த ஒரே நிப்பிள். அபர்டீன் பஜார் முழுக்கக் கேட்டாயிற்று, அந்த அளவு இனிக் கப்பல் வந்தால்தான். துளையைப் பெரிதாக்க ஐந்து கம்பி உண்டு. சிறிதாக்க ஒன்றும் கிடையாது.

4

மூன்றாம் கம்பி அதிகப்படி. பால் ஒழுகி வாய் நிரம்பிப் புரையேறி, குழந்தையின் முகம் நீலம் பூத்து—

(இதை அழித்தேன். விஜயராஜுக்கு இல்லாத வசதி எனக்கு உண்டு. நிப்பிளை இரண்டாம் கம்பி அளவுக்கே திருப்பி எழுதினேன்.)

மறுநாள் காலை கதையைத் திறந்து படித்தால், துளை மூன்றாம் கம்பி அளவில்தான் இருந்தது. கீழே நான் எழுதாத ஒரு வரி: 'காவேரி புட்டியைச் சாய்க்காமல் காத்திருந்தாள்.'

அழித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அந்த வரி மறுபடி இருந்தது. 'இன்னும்' என்று ஒரு சொல் கூடியிருந்தது.

5

நான் எழுதும்போது பால் இறங்குகிறது என்பதை அதன் பிறகுதான் கண்டுபிடித்தேன். வேகமாக எழுதினால் புரையேறியது. நிறுத்தினால் குழந்தை வாயில் பாலை வைத்துக்கொண்டு விழுங்காமல் கிடந்தது. காவேரிக்கும் இது பிடிபட்டுவிட்டது.

"யாரோ பாத்துட்டிருக்காங்க," என்றாள். "அவங்க நிறுத்துனா இதுவும் நிறுத்திடுது."

"பைத்தியமா உனக்கு?" என்றான் விஜயராஜ். "வீட்ல நம்ம மூணு பேருதான்."

"ஸ்ஸ்... மெல்லப் பேசுங்க. அவங்களுக்குக் கேக்கும்."

அவளுக்கு இப்படியொரு வசனத்தை நான் கொடுக்கவில்லை.

6

சீக்கிரம் முடித்துவிடலாம் என்று இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

கப்பல் வந்தது. விஜயராஜ் புது நிப்பிளோடு ஓடிவந்தான். காவேரி அதை வெந்நீரில் போட்டுக் கழுவி, பால் கலந்து, சொட்டுச் சரிபார்த்துத் தொட்டிலுக்குப் போனாள். தொட்டில்—

வெள்ளிக்கிழமை தராசு இரண்டு கிலோ நானூறு காட்டியது. டாக்டரம்மா சிரித்தார். காவேரி குனிந்து பார்த்தாள். தராசின் மேல் துணி மட்டும்தான்—

இரண்டையும் அழித்தேன். இவை மட்டும் திரும்பி வரவில்லை. அதற்கு யாரிடம் நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

7

நான் விலகிக்கொள்கிறேன். என் கை வேகமாக ஓடுகிறது, இல்லாவிட்டால் ஒரேயடியாக நின்றுவிடுகிறது. நிதானமில்லாதவன் பிள்ளைக்குப் பால் புகட்டக் கூடாது.

நான் எழுதி முடித்து எத்தனை நாளாயிற்றோ. இப்போது படிப்பது நீங்கள். ஆகவே பால் இப்போது நீங்கள் படிக்கும் வேகத்தில் இறங்கிக்கொண்டிருக்கிறது. மதியம் இரண்டு மணி. தகரக் கூரையில் மழை. காவேரி கட்டிலோரம் உட்கார்ந்து குழந்தையின் தலையைச் சற்றே உயர்த்திப் பிடித்திருக்கிறாள். நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறாள்.

"கொஞ்சம் மெதுவாங்க," என்கிறாள்.

ஒரு வாய். மூச்சு விடட்டும்.

இன்னொரு வாய். விழுங்கிவிட்டது.

அவசரமில்லை.

இன்னொன்று.

புட்டியில் இன்னும் முப்பது மில்லி இருக்கிறது. என்னிடம் மிச்சமிருப்பது இந்த ஒரு வரிதான்.