குடை குட்டி போட்ட காலை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் தொப்பையிலிருந்து பிறந்தது. அதைக் கரைக்கப் பதுளையில் ஒரு காலை நடைக் கூட்டத்தில் சேர்ந்தேன். முதல் ஏற்றத்திலேயே எல்லோரும் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். மதில் ஒன்றைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, நூறு வருடத்துக்கு முன்பு இந்த ஊரில் யாராவது இப்படிச் சும்மா நடந்திருப்பார்களா என்று யோசித்தேன். தோட்டத்துச் சனம் நடந்தது, ஆனால் அது பிழைப்பு. சும்மா நடப்பதற்குக் கொஞ்சம் வசதியும் நிறைய முழங்கால் வலியும் வேண்டும். அப்படித்தான் ஸகீனா என் தலைக்குள் வந்தாள்.

தொடக்கம் இப்படி எழுதினேன்:

பனி போர்த்திய நமுனுகுல மலையின் மடியில், தேயிலைக் கொழுந்துகள் மெல்லக் கண்விழிக்கும் அந்த

(வேண்டாம். பனி போர்த்தாமல் ஒரு மலையகக் கதை எழுதினால் யாராவது அடிப்பார்களா? அன்றைக்கு நல்ல வெயில். அப்படியே எழுதுகிறேன்.)

2.

முதலாம் உலக யுத்தத்துக்குச் சில வருடங்கள் முந்திய பதுளை. ரயில் இன்னும் ஊருக்கு வரவில்லை. கடைத்தெருவில் புடவைக்கடை வைத்திருந்த இத்ரூஸ் முதலாளியின் மனைவி ஸகீனா. நாற்பதைத் தாண்டிய வயது, கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த குரல். முழங்கால் வீங்கியபோது ஆஸ்பத்திரி டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். இத்ரூஸ் வீட்டு முற்றத்தைக் காட்டினார். சில நாள் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்தவள், ஒரு காலை நின்றுவிட்டாள்.

"செக்குமாடும் நானும் ஒண்டுதான். மாடு சுத்தினா எண்ணெயாச்சும் வரும்," என்றாள் கணவரிடம்.

அன்றே பக்கத்து வீட்டு லரீபாவைக் கூட்டிக்கொண்டு பின்கதவால் வெளியே போனாள். லரீபா வாய் ஓயாதவள். தனியே நடந்தால் பேச ஆளில்லை என்பதற்காகவே வந்தாள். பிறகு அந்தத் தெருவின் மற்றப் பெண்களும் ஒவ்வொருவராகச் சேர்ந்து, ஆறு பேரானார்கள். தலையிலிருந்து கால் வரை வெள்ளைத் துப்பட்டி, மேலே கறுப்புக் குடை. கடைகளின் பின்சந்து, பதுளு ஓயா ஆற்றங்கரை, ஒரு பலகைப் பாலம், அப்புறம் தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதை. அது ஒரு நீரோடையில் முடிந்தது.

தோட்டத்துக்குள் வெளியாள் நுழையக் கூடாது. ஆனால் தொழிலாளருக்குக் கொடுக்கும் கம்பளியெல்லாம் இத்ரூஸ் கடையில்தான் வாங்கப்பட்டது. ஆகவே தோட்டத்துத் துரை இணங்கினார்: ஓடை வரை போகலாம், லயங்களில் குடியிருக்கும் தொழிலாளரோடு பேசக் கூடாது.

(லரீபாவிடம் பேசாதே என்று சொல்லிவிட்டு ஒரு துரை நிம்மதியாகத் தேத்தண்ணீர் குடித்தார். சாம்ராச்சியங்கள் இப்படித்தான் விழுகின்றன.)

3.

ஓடைக்கரையில் அவர்கள் இளைப்பாறும்போது, மேல்வரிசையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஒருநாள் இறங்கி வந்தாள். இராக்கம்மா. இருபது, இருபத்தோரு வயதிருக்கும்.

"அம்மா, பசறைக்கு எந்தப் பக்கமாங்க போவணும்?"

"பசறையில ஒனக்கு என்ன வேல?"

"பசறை இல்லீங்க. அதுக்கு மேல மடுல்சீமை. எங்க வீட்டுக்காரரு அங்க இருக்காருங்க."

அவள் கணவன் நல்லையா, பொன்னையா கங்காணியை எதிர்த்துப் பேசியவன். கங்காணி அவனை மடுல்சீமைக்குத் தள்ளிவிட்டு, இவளை மட்டும் நிறுத்திக்கொண்டான். தோட்டத்தைவிட்டுப் போகத் துண்டு வேண்டும், அதாவது விடுவிப்புச் சீட்டு. அது இல்லாமல் போனால் பிடித்து மறியல் வீட்டில், சிறையில், அடைப்பார்கள்.

"காய்ச்சல்ல கெடக்காராம். பெரட்டுல வச்சு கங்காணி கால்ல விழுந்து கேட்டேங்க. 'அவன் செத்தா சொல்லி அனுப்புவாங்க, அப்ப போ'ன்னுட்டாரு."

பெரட்டு என்றால் காலையில் ஆள் எடுக்கும் இடம். எல்லோரும் பார்க்கத்தான் சொல்லியிருக்கிறான்.

திரும்பி நடக்கும்போது ஸகீனாவுக்கு முழங்கால் நினைவே வரவில்லை. அவளுக்கும் கல்யாணமான புதிதில் கணவர் கொழும்பில் காய்ச்சலாய்க் கிடந்தார். போக அனுமதி கேட்டு, மாமியார் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்ற அந்த நாட்கள்…

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் சந்தேகம். ஒரு முதலாளியின் மனைவி, தன் கடைக்கே ஆபத்து என்று தெரிந்து, ஒரு கொழுந்துக்காரிக்காக இறங்குவாளா? பேனாவை வைத்துவிட்டேன். அதற்குள் அவள் ஓர் உபரிக் குடையை எடுத்து ஊன்றுகோல்போல் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.)

4.

மறுநாள் ஸகீனா கையில் குடை ஒன்று, ஊன்றிக்கொள்ள மடக்கிய இன்னொன்று. லரீபா துப்பட்டிக்குள் இன்னொரு துப்பட்டி சுற்றியிருந்தாள். "ராத்தா, வேர்த்துச் சாகப் போறேன்," என்று வழியெல்லாம் ஸகீனாவிடம் முனகினாள்.

லரீபா அவிழ்த்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஓடைக்கரைப் புதருக்குள் போன இராக்கம்மா, வெள்ளைத் துப்பட்டியும் உபரிக் குடையுமாக வெளியே வந்தாள். கொழுந்துக் கூடையைப் புதரிலேயே கவிழ்த்து வைத்தாள்.

"குனிஞ்சு நட. வேகமா நடக்காத, நாங்க ஒருத்தரும் வேகமா நடக்கிறல்ல," என்றாள் ஸகீனா.

தோட்ட வாசலில் வாச்சர் என்கிற காவல்காரன் மாரிசாமி. பெண்கள் வரும்போது தலையைக் குனிந்துகொள்வது அவன் வழக்கம். அன்று அந்தக் குனிவுதான் வினையாயிற்று. குனிந்த கண்ணுக்குக் கால் தெரியும். எல்லாக் காலிலும் செருப்பு, ஒருத்தி காலில் மட்டும் மண்ணும் மெட்டியும்.

அவன் புருவம் சுருங்கியதை ஸகீனா கண்டாள். இதற்கென்று அவள் ஒன்றும் திட்டமிட்டிருக்கவில்லை. (நானும்தான்.)

"அட்டை! அல்லாவே, அட்டை கடிச்சிட்டுது!" என்று லரீபா கூச்சலிட்டுத் துப்பட்டியை முழங்கால் வரை தூக்கினாள்.

மாரிசாமி பதறித் தேயிலைப் பக்கம் திரும்பிக்கொண்டான். கூட்டம் கடந்தது. பலகைப் பாலம் தாண்டும் வரை லரீபா கத்துவதை நிறுத்தவில்லை. அட்டை எதுவும் இல்லை.

பின்சந்தில் பசறைக்குப் புடவை ஏற்றும் மாட்டுவண்டி நின்றது. மூட்டைகளுக்கு நடுவில் இராக்கம்மா ஏறிக்கொண்டாள். ஸகீனாவின் கையை ஒரு தரம் இறுக்கிப் பிடித்தாள்.

5.

மத்தியானம் பொன்னையா கங்காணி மாரிசாமியை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தான்.

"மொதலாளி, எங்க ஆளு ஒண்ணு ஓடிப்போச்சு. காலையில உங்க வீட்டுப் பொம்பளைங்க போறப்ப ஆறு, வர்றப்ப ஏழுன்னு இவன் சொல்றான்."

நடந்தது இத்ரூஸுக்கு ஒன்றும் தெரியாது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த திரைச்சீலையைப் பார்த்தார். அதன் பின்னால் ஸகீனா மூச்சைப் பிடித்து நின்றாள். வழக்கமாக அந்த நேரத்தில் வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் தெருவரை கேட்கும். இன்று ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியிலேயே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எங்கட பொம்புளையள எண்ணுறதுக்கா ஒங்கட வாச்சருக்குச் சம்பளம்?" என்று எழுந்தார். வேண்டுமென்றே தெருவுக்குக் கேட்கும்படி குரலை உயர்த்தினார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள்.

மாரிசாமி இரண்டு கையையும் கூப்பினான். "ஐயோ மொதலாளி! நான் பொம்பளைங்கள பாக்கவே இல்லீங்க! விரிச்ச குடையத்தாங்க எண்ணுனேன்!"

"குடையா? மழக்காலந்தானே. குட்டி போட்டீக்கும்," என்றார் இத்ரூஸ்.

தெரு சிரித்தது. கங்காணி போகும்போது, இனி தோட்டத்துக் கம்பளி வேறு கடையில்தான் என்று சொல்லிவிட்டுப் போனான். சொன்னபடியே நடந்தது. தோட்ட வாசலும் பெண்களுக்கு மூடப்பட்டது.

உள்ளே வந்த இத்ரூஸ் கத்தினார். கடை, மானம், மறியல் எல்லாவற்றையும் இழுத்தார். ஸகீனா சோறு போட்டாள். பாதிச் சோற்றில் அவர் கை நின்றது.

"அந்தப் புள்ள… போய்ச் சேந்திருப்பாளா?"

"எனக்கெப்பிடித் தெரியும்?" என்றாள் ஸகீனா. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

6.

முடிவு அ: மடுல்சீமை லயத்து வாசலில் நல்லையா எழுந்து உட்கார்ந்திருக்கிறான், தூரத்தில் ஒரு வெள்ளைத் துப்பட்டி (போதும், எனக்கே கூச்சமாக இருக்கிறது.)

முடிவு ஆ: பசறையில் வண்டியைச் சோதிக்கிறார்கள், மூட்டைகளுக்கு நடுவில் (இதை எழுதினேன். ஸகீனா முகத்தில் முழிக்க முடியாமல் கிழித்துப் போட்டேன்.)

முடிவு இ: போய்ச் சேர்கிறாள், துண்டு இல்லாதவளை அந்தத் தோட்டத்துத் துரை

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். மறுநாள் காலை பெண்கள் பின்சந்துக்குப் போகவில்லை. தோட்டப் பாதை இல்லையென்றான பிறகு, கடைத்தெரு நடுவாகவே நடந்தார்கள். இத்ரூஸ் கடைவாசலில் நின்று, வராத ஒரு வாடிக்கையாளரைத் தேடுவதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் எல்லைக்குப் போனதும் ஸகீனா நின்று பசறைப் பாதையைப் பார்த்தாள். அங்கிருந்து வண்டி ஒன்று திரும்பி வந்துகொண்டிருந்தது. இராக்கம்மாவை ஏற்றிப்போன அதே வண்டி, புடவைகளை இறக்கி வெறுமையாக. வண்டிக்காரன் அவளைக் கண்டு ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

அவன் சொன்னதை நான் எழுதப்போவதில்லை. ஸகீனா பக்கத்தில் இடமிருக்கிறது. நீங்கள் போய் நின்று கேட்டுக்கொள்ளுங்கள்.