சங்கையா சுமந்த கட்டில்

எங்கள் வீட்டுக்குத் தெசகெட்டான் வீடு என்று பெயர். எம்.ரெட்டியபட்டியில் ஷேர் ஆட்டோக்காரரிடம் என் பெயரைச் சொல்லி, நாகஜோதி வீடு என்று கேட்டால் முழிப்பார். தெசகெட்டான் வீடு என்றால் வாசலிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார். என் அப்பாவின் தாத்தா சங்கையாவால் வந்த பெயர். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பெயர் மட்டும் எங்களோடு நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறது.

உலக யுத்த காலத்தில் ஒரு பங்குனியில், ஊருக்குத் தெற்கே உடைமரக் காட்டில் ஒரு விமானம் விழுந்தது. ஆடு மேய்க்கிறவர்கள்கூட உள்ளே போகாத காடு. எங்கள் தெற்குத் தெரு ஆட்கள்தான் முள்ளை வெட்டி வழி செய்து போய், இரண்டு வெள்ளைக்காரர்களை வெளியே இழுத்தார்கள். முன்னால் போனவர் சங்கையா. ஒருவன் ஆள் பிடித்தால் நடந்தான். மற்றவனைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தூக்கினார்கள். ஊரைத் தாண்டி வடக்கே ரோட்டில் மோட்டார் வண்டி நின்றது. நடந்தவன் பிழைத்தான். கட்டிலில் போனவன் வண்டிக்குப் போகும் முன்பே இறந்துவிட்டான். சங்கையா திசை தெரியாமல் சுற்றிக்கொண்டு போனதால் செத்தான் என்று ஊர் சொன்னது.

உண்மை எங்கள் தெருவுக்கும் ஊர்த்தெருவுக்கும் தெரியும். அன்று அம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது. காப்புக் கட்டினால் பொங்கல் முடிகிற வரை ஊர்த்தெரு வழியாகப் பிணம் போகக் கூடாது. நாலு பேர் தோளில் கட்டில் வருவதைப் பார்த்ததும், பாடை மாதிரி இருக்கிறது, சுற்றிப் போங்கள் என்று ஊர்த்தெருக்காரர்கள் தெருமுனையில் மறித்துவிட்டார்கள். கட்டிலில் இருந்தவன் தண்ணீர் கேட்டு முனகிக்கொண்டிருந்தான்.

இந்த வருடம் பங்குனிப் பொங்கலுக்கு அந்தச் சம்பவத்துக்காக ஊர்த்தெருவில் ஒரு நினைவுக்கல் நடுவது என்று முடிவானது. விழாக் கமிட்டித் தலைவர், ஊர்த்தெருப் பாண்டிராஜ் அண்ணன் என்னிடம் கும்மிப் பாட்டு எழுதித் தரச் சொன்னார். அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையில் சேலை விரித்துக் காட்டுவது என் வேலை. உட்கார ஸ்டூல் உண்டு, உட்காரத்தான் நேரம் கிடையாது. கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றபடியே செல்போனில் பாட்டை எழுதினேன்.

வானத்துக் கப்பலு வாலு முறிஞ்சு
உடைமரக் காட்டில் விழுந்ததடி
ஓடிப் போனாரு சங்கையா - அங்கே
உசுரு ரெண்டைக் கண்டாரடி

இதுவரை தடையில்லாமல் வந்தது. கட்டில் தெருமுனைக்கு வந்ததும் பாட்டு நின்றுவிட்டது. காப்பு, பாடை, மறித்தது எல்லாவற்றையும் எழுதி அண்ணனிடம் காட்டினேன்.

"இது வேண்டாம்மா," என்றார். அவர் கெட்டவர் இல்லை. கமிட்டி, பந்தல், மைக்செட் என்று அலைந்து அவரும் களைத்திருந்தார். "வெளியாளுக வாராக. இப்ப யாரு அப்படி இருக்கா? பழசக் கிண்டி என்ன ஆகப்போகுது. வழி தவறின்னு போட்டுரு."

"அது பொய்யிண்ணே. எங்க அய்யாவ இன்னிக்கும் தெசகெட்டான் பேரன்னுதான் கூப்புடுறாக."

"ஒத்த வரிம்மா. யாரு கவனிக்கப் போறா?"

சண்டை போடத் தெம்பு இல்லை. காலையில் ஆறரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 'வழிதவறி நின்றாரடி' என்று மாற்றிக் கொடுத்துவிட்டேன். கொடுத்ததும் என் மேலேயே எரிச்சலாக வந்தது.

கும்மிக்கு முன்பாட்டு பாடுகிற சந்தனம்மாள் அத்தை எங்கள் வீட்டில்தான் பாட்டைப் பழகினாள். அப்பா முனீஸ்வரன் மூலையில் உட்கார்ந்து கேட்டார். அந்த வரி வந்ததும் எழுந்து வெளியே போனார். பின்னாலேயே போனேன்.

"அய்யா, நான் வேணும்னு எழுதல."

"தெரியும் தாயி. அந்தப் பேரு பாட்டுலயும் ஏறிருச்சுன்னா இனி எறங்காதுல்ல. அதான்," என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

விழா அன்று கட்டில் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்பதும் பாண்டிராஜ் அண்ணனின் ஏற்பாடுதான். வைக்கோல் பொம்மைக்குச் சட்டை பேண்ட் மாட்டி, நிஜக் கயிற்றுக் கட்டிலில் கிடத்தினோம். சங்கையா வம்சம் என்று அப்பாவை முன்கால் பிடிக்கச் சொன்னார்கள். நாங்கள் பெண்கள் பின்னால் பாடிக்கொண்டு போனோம். ஊர்த்தெரு முனைக்கு வந்தோம். பந்தலும் அங்கிருந்தே தெரிந்தது.

முனையில் நின்ற ஊர்த்தெருப் பெண்கள் முணுமுணுத்தார்கள். பூசாரி போய்ப் பாண்டிராஜ் அண்ணனின் காதில் என்னவோ சொன்னார். அண்ணன் பட்டு வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.

"முனீசு, காப்புக் கட்டியிருக்குல்ல. பாக்க ஒரு மாதிரி இருக்காம். கட்டிலோட இப்படி வராதீக, கம்மாக்கரையச் சுத்தி அங்கிட்டு வந்துருங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அப்பா அவர் போவதையே பார்த்தார். பிறகு கட்டிலைத் திருப்பினார்.

கண்மாய்க்கரை முழுக்க இப்போது சீமைக்கருவேலம். வெயில் பிளந்தது. சேலை கிழிந்தது, ஒருத்திக்கு முழங்கை கிழிந்தது. பாட்டு தானாக நின்றுபோனது. கட்டில் கனக்கவில்லை, வைக்கோல்தானே. ஆனாலும் அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. மாற்றுத்தோள் கொடுக்கப் போனவர்களைக் கையாலேயே விலக்கிவிட்டார். அவர் தாத்தாவின் தோளில் இருந்தது வைக்கோல் இல்லை என்ற நினைப்பு வந்ததும் எனக்கு அழுகை வந்தது.

பந்தலுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தார்கள். சிறப்பு விருந்தினர், ரிட்டையரான விமானப்படை அதிகாரி, மதுரையிலிருந்து வந்தவர். மைக்கைப் பிடித்துச் சிரித்தபடியே கேட்டார்.

"என்ன இவ்வளவு லேட்டு? வழி தவறிட்டீங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அப்பா கட்டிலைத் தோளில் வைத்தபடியே நின்றார். பாண்டிராஜ் அண்ணன் அப்பாவின் முகத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது. மைக்கை வாங்கினார்.

"இல்ல சார். அவுக வழி தவறல. நான்தான் சுத்தி வரச் சொன்னேன்." நடப்போகிற கல்லின் பக்கம் திரும்பினார். "அன்னைக்கும் நாங்கதான் சொன்னோம்."

அதிகாரிக்குப் பாதிதான் புரிந்திருக்கும். ஊருக்கு முழுவதும் புரிந்தது. சந்தனம்மாள் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். கை தட்டி, பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தாள்.

வழிதவறி நிக்கலடி - எங்களைச்
சுத்திப்போகச் சொன்னாகடி

அப்பா கட்டிலை மெதுவாக இறக்கினார். பொம்மையை ஓரமாக நகர்த்திவிட்டு, ஊர்த்தெரு நடுவில், அதே கட்டிலில் உட்கார்ந்து காலில் ஏறிய முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தார்.