ஆளைப் பார்த்துப் போடும் கையெழுத்து

மணி பதினொன்று நாற்பது. கூட்டம் பன்னிரண்டுக்கு. முதலீட்டு அதிகாரி கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அலுவலகத்தில் அவருக்கு 'முப்பது சார்' என்று பெயர். இருபது வருடமாக முப்பது வருட அரசுப் பத்திரங்களைத் தவிர வேறெதையும் அவர் சீந்தியதில்லை. ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி மக்களிடம் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, சாகும்வரை மாதாமாதம் ஓய்வூதியம் தருவதாகச் சொல்கிறது. அத்தனை காலமும் வட்டி வரும் இடத்தில்தான் அந்தப் பணத்தைப் போட வேண்டும். இதில் பெரிய சூட்சுமம் ஒன்றுமில்லை என்று புதிதாகச் சேருபவர்களிடம் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்தக் கோப்பையும் அவரேதான் எழுதினார். வட்டி சரிந்துவிட்டது. ஒன்பது சதவீதம் தரும் பழைய பத்திரங்களுக்குச் சந்தையில் நல்ல கிராக்கி. விற்றால் இந்த வருடக் கணக்கில் பெரிய லாபம் நிற்கும். வரும் பணத்தை அடுக்குமாடி கட்டும் நிறுவனம் ஒன்றுக்கு எட்டு சதவீதத்தில் ஐந்து வருடக் கடனாகக் கொடுக்கலாம். ஐந்து வருடம் கழித்து என்ன செய்வது? அதற்கும் ஒரு வரி இருந்தது: 'அன்றைய சந்தை நிலவரப்படி முடிவெடுக்கப்படும்.' அந்த ஒரு வரியை எழுத அவருக்கு மூன்று நாள் பிடித்தது. லாபம் நின்றால் அவருக்கும் ஊக்கத்தொகை உண்டு. மொட்டைமாடியில் ஓர் அறை கட்ட அவர் மனைவி கொத்தனாரிடம் பேசியே விட்டாள்.

கைபேசி அடித்தது.

"தம்பி, உங்க ஆபீஸ்லதான் இருக்கேன், கீழ. உங்க மிஷின் நான் உயிரோட இல்லைங்குது."

அக்காதான். பேனாவை மூடி, கோப்பைக் கூட்ட அறைக்கு அனுப்பச் சொல்லிவிட்டு இறங்கினார்.

வண்டியை நிறுத்திவிட்டு லிஃப்டில் நேராக நான்காம் மாடிக்குப் போய்விடுகிறவர் அவர். கீழ்க்கூடத்தை இந்த நேரத்தில் பார்த்து வருடக்கணக்காகிவிட்டது. நாற்பது பேராவது இருந்தார்கள். ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை நேரில் வந்து விரலை வைத்து, தாங்கள் உயிரோடு இருப்பதைக் காட்ட வேண்டும்.

அக்கா ஆள்காட்டி விரலைப் புடவையில் துடைத்துத் துடைத்து வைத்தாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. நாற்பது வருடமாகத் தையல் வேலை. ஊசியும் இஸ்திரிப் பெட்டியும் ரேகையைத் தேய்த்துவிட்டிருந்தன.

"எனக்கும் போன வருஷம் இதே கதைதாம்மா," என்றார் பின்னால் நின்றவர். "நான் செத்துட்டேன்னு என் வீட்டுக்காரி கூட உடனே நம்பிட்டா."

வரிசை சிரித்தது. கவுண்டர் பெண் சிரிக்கவில்லை. "வேற வழி இருக்கு. கம்பெனி அதிகாரி யாராவது நேர்ல பார்த்ததா எழுதிக் கையெழுத்துப் போடணும்."

"நான் போடறேன். என் அக்காதான்," என்று அவர் படிவத்தை இழுத்தார். பார்வை சுவர்க் கடிகாரத்தில் இருந்தது.

"சார், ஒரு நிமிஷம். இப்ப அவங்களைப் பாருங்க. பார்த்துட்டுப் போடுங்க."

"பார்த்துட்டுத்தானேம்மா இருக்கேன்."

"இல்ல சார், கடிகாரத்தைப் பார்க்கறீங்க. போன வருஷம் ஒருத்தர் ஆளைப் பார்க்காமலே போட்டுட்டார். எனக்குத்தான் மெமோ வந்தது."

அவர் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். காதோரம் முழுக்க நரைத்திருந்தது. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூல் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"என்னடா அப்படிப் பார்க்கறே? இருக்கேன், எழுது," என்றாள். "அவர் போனப்ப வந்த பணம் மொத்தத்தையும் உன் பேச்சைக் கேட்டுத்தான் இங்க போட்டேன். இன்னும் எத்தனை வருஷம் நான் இங்க வந்து நிப்பேன்னு கணக்குப் போட்டு வச்சிருப்பீங்களே?"

போட்டுத்தான் வைத்திருந்தார்கள். அவள் வயதுக்கு இன்னும் இருபத்திரண்டு வருடம். விற்கப்போகும் பத்திரங்களில் மீதியிருந்த காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

"இன்னும் நிறைய வருஷம் வருவே, போ," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

கூட்ட அறையில் நிர்வாக இயக்குநர் தட்டிலிருந்த கடைசி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டிருந்தார். "வாங்க முப்பது. நாங்க எல்லாரும் போட்டாச்சு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

அவர் கோப்பை வாங்கி மூடி வைத்தார். "போடலை சார்."

"நீங்க எழுதின நோட்டுதானே?"

"நான் எழுதினதுதான். தப்பா எழுதிட்டேன்."

"சந்தை மாறிடுச்சுய்யா. நாமளும் மாற வேண்டாமா?"

"மாறலாம் சார். புதுசா வர்றவங்களுக்கு வட்டியைக் குறைச்சுச் சொல்லலாம். ஏற்கெனவே கொடுத்த வாக்கு மாறலையே. அந்த வாக்குக்குன்னு வாங்கின பத்திரத்தை வித்து லாபம்னு காட்டினா, அது நம்ம லாபமில்ல. அவங்க இருபது வருஷம் கழிச்சு வாங்க வேண்டிய சாப்பாட்டுக் காசு."

"அப்போ ஊக்கத்தொகை? உங்களுக்கும் சேர்த்துத்தான் போகுது."

"தெரியும் சார். கொத்தனாருக்கு வேற பதில் சொல்லிக்கறேன்."

இயக்குநர் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தார். "நீங்க போடலேன்னா இன்னொருத்தர் போடுவார்."

"போடட்டும். ஆனா கீழ கவுண்டர்ல ஒரு பொண்ணு, ஆளைப் பார்க்காம யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டேங்குறா. நாற்பது பேர் நிக்கறாங்க சார். ஒருதடவை இறங்கி வந்து, அவங்க முகத்தைப் பார்த்துட்டுப் போடறீங்களா?"