வைத்திக்குப்பத்தில் குடியிருந்த காது

1976ஆம் வருஷம் ஆடி மாதம் சாரம் ஊர்ப் பக்கிரியின் காது கடலோரத்து வைத்திக்குப்பத்துக்குக் குடிபோனது. காது என்றால் மடலும் துளையும் அல்ல. அவை இரண்டும் நரைத்த முடிக்கொத்தோடு அவர் தலையில் வைத்த இடத்திலேயே இருந்தன. கேட்கிற வேலை மட்டும் கிளம்பிப் போய்விட்டது. அன்று காலை பழைய சோற்றைக் கரைத்துக் கொடுத்த மனைவி குஞ்சம்மாள், "உப்பு போதுமா?" என்று கேட்டதற்கு, "சங்கரா மீனு இந்த வெலைக்கு எவன் வாங்குவான்?" என்று பதில் சொன்னார். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. அந்த வயதில் ஆண்கள் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பேசுவது சாரத்தில் புதிதல்ல என்பதால், குஞ்சம்மாள் உப்பைத் தானே அள்ளிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.

விஷயம் வெளியே வந்தது மீன்காரி அஞ்சலாட்சியால். வைத்திக்குப்பம் கரையில் மீன் எடுத்துச் சாரத்தில் தெருத்தெருவாக விற்பவள் அவள். வழக்கம்போல் கூடையை இறக்கி, வழக்கம்போல் ஒரு விலையைச் சொன்னாள். வாசலில் உட்கார்ந்திருந்த பக்கிரி அவள் வாயைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டு, "பொய் சொல்லாத. காலையில கலியபெருமாள் படகாண்ட நீ என்னா வெலைக்கு எடுத்தேன்னு எனக்குத் தெரியும்" என்றார். அதோடு நிற்காமல், அந்த விலைக்கு மீன்காரன் இறங்கி வருவதற்காக அவள் அவன் அம்மாவைப் பற்றிச் சொன்ன இரண்டு வார்த்தைகளையும் அப்படியே ஒப்பித்தார். அஞ்சலாட்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். கலியபெருமாளின் ஓட்டைப் படகு கரையில் வருஷக் கணக்காகக் கவிழ்ந்து கிடப்பது. பக்கிரியின் காது அதன் நிழலில்தான் குடியேறியிருக்கிறது என்று அந்த வாரமே ஊர்ஜிதமாயிற்று. படகருகே நின்று பேசுவதெல்லாம் சாரத்தில் அவருக்குக் கேட்டது; பக்கத்தில் நின்று பறை அடித்தாலும் கேட்கவில்லை.

ஊரார் அதிசயப்பட்டாலும் குஞ்சம்மாளுக்கு அதில் அதிசயப்பட ஒன்றும் இல்லை. அவளைப் பொறுத்தவரை அவர் காது வீட்டில் குடியிருந்ததே கிடையாது. பக்கிரி பஞ்சாலையில் தறிக்கூடத்து ஆளாக இருந்தவர். அத்தனை தறியும் ஒன்றாக ஓடும்போது ஐயனாரே குதிரையோடு வந்து கூப்பிட்டாலும் அங்கே காதில் விழாது. அதனால் தறிக்காரர்கள் கையாலேயே பேசிக்கொள்வார்கள். மூக்கைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். கட்டை விரலைக் கவிழ்த்தால் நூல் அறுந்துவிட்டது. காது மடலைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தால், "கேட்டாச்சு, போய் வேலையைப் பார்." முதல் இரண்டையும் ஆலையிலேயே விட்டுவிட்டு வந்த பக்கிரி, மூன்றாவதை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். குஞ்சம்மாள் எதைத் தொடங்கினாலும் பாதியில் அவர் கை காது மடலுக்குப் போய்விடும். பேச்சு அறுந்து விழும். அறுவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று அவள் வேகமாகவும் உரக்கவும் பேசப் பழகி, நாளடைவில் அவள் குரல் மூன்று தெருவுக்குக் கேட்கிற குரலாயிற்று. "சாரத்துல சங்கு ரெண்டு. ஒண்ணு ஆலையில ஊதுது, ஒண்ணு பக்கிரி வூட்டுல ஊதுது" என்று ஒரு பேச்சு அப்போது உண்டு.

மகன் கிருஷ்ணசாமி அப்பாவை டாக்டரிடம் அழைத்துப் போனான். டாக்டர் பார்த்துவிட்டு வயசானால் இப்படித்தான் என்று ஒரு காது மிஷின் எழுதிக் கொடுத்தார். அதைக் காதில் மாட்டுவதா படகில் மாட்டுவதா என்று கிருஷ்ணசாமி கேட்டான். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். பிறகு அவனுக்கே ஒரு யோசனை தோன்றியது: காது வராவிட்டால் ஆளைக் காதிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். அப்பாவை ரிக்‌ஷாவில் ஏற்றிப் போய் ஓட்டைப் படகின் மேல் உட்கார வைத்தான். அவர் வந்த அதே ரஸ்தாவில் காது எதிரே கிளம்பிச் சாரத்துக்குப் போய்விட்டது. படகில் உட்கார்ந்தபடி பக்கிரி மகனைப் பார்த்து, "கெழம் இல்லாத வூடு எம்மாம் நிம்மதியா இருக்குதுன்னு ஒம் பொண்டாட்டி பக்கத்து வூட்டுல சொல்றாடா" என்றார். அவரைத் திருப்பி அழைத்து வந்ததும் காது மறுபடி வைத்திக்குப்பம் போயிற்று. ஒரே கூரைக்கடியில் இருக்க மாட்டோம் என்று ஓரகத்திகள் அடம்பிடிப்பதுபோல அவர் உடம்பும் காதும் அதன்பிறகு சேரவே இல்லை. மருமகள் சந்திரகலா கொஞ்ச காலம் மாமனாரைப் பற்றி மரியாதையாகப் பேசி வந்தாள். அதற்கு அவசியமில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள்.

அடுத்த சில வருஷங்களில் கிழவர்களுக்கு நடப்பதெல்லாம் பக்கிரிக்கும் முறையாக நடந்தது. கால் வீங்கி வடிந்தது, ருசி போயிற்று, உயரத்தில் நாலு விரற்கடை குறைந்து வேட்டி தரையில் புரண்டது. சாயங்காலம் வந்து உட்காரும் பழைய தறிக்கூடத்து சிநேகிதர்கள், தாங்கள் மூட்டுவலியைப் பற்றிப் பேச இவர் நண்டைப் பற்றிப் பதில் சொல்வது அலுத்துப்போய் வருவதை நிறுத்தினார்கள். வேறு சிலர் செத்துப்போய் நிறுத்தினார்கள். வீட்டில் பாகம் பிரிப்பதைப் பற்றி அவர் எதிரிலேயே பேசினார்கள். அவர் தலையாட்டிக்கொண்டு அலை எண்ணினார். அவருக்குச் சேதி சொல்ல வேண்டுமானால் அஞ்சலாட்சியிடம் சொல்லி அனுப்புவதே வழக்கமாயிற்று. அவள் கரைக்குப் போனதும் படகைத் தட்டி, "யோவ் மாமா, கஞ்சி ஆறுதாம், எழுந்து குடிப்பியாம்!" என்பாள். சாரத்தில் பக்கிரி எழுந்து கஞ்சியைக் குடிப்பார்.

மீன்காரியிடம் சொல்லி அனுப்ப முடியாத விஷயங்களும் ஒரு வீட்டில் இருக்கும். கிருஷ்ணசாமி வீட்டை எழுதி வாங்கப் பார்க்கிறான், கைநாட்டு வைத்துவிடாதே என்று சொல்வதற்காகத்தான் குஞ்சம்மாள் முதன்முதலாக வைத்திக்குப்பம் போனாள். மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஆண்கள் நிமிர்ந்து பார்க்க, அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. படகோடு ஒட்டி உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தனக்கே கேட்காத குரலில் சொன்னாள். சொல்லி முடித்தபோதுதான் கவனித்தாள். முடித்திருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆரம்பித்த ஒரு பேச்சு முடிந்தது அன்றைக்குத்தான். காது மடலை இழுக்கிற கை அங்கே இல்லை.

அதன்பிறகு வெள்ளிக்கிழமை தோறும் போனாள். கோயிலுக்கு என்று வீட்டில் சொன்னாள். பாதியில் அறுந்து கிடந்த பேச்சையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட்டாள். வில்லியனூர்த் தேரில் வளையல் தொலைத்த கதை, மாமியார் தன் புடவையை நாத்தனாருக்குக் கொடுத்த கதை. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது தலைச்சன் பெண்குழந்தை ஜுரத்தில் செத்துப்போன கதை. பக்கிரி அன்று பகல் ஷிப்ட். திரும்பி வந்தவரிடம் அவள் சொல்லத் தொடங்கினாள். அவர் காது மடலை இழுத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய் வெகுநேரம் நின்றார். அதோடு அந்தப் பேச்சு அந்த வீட்டில் இல்லை. அதையும் ஒரு வெள்ளிக்கிழமை முழுதாகச் சொன்னாள். வீட்டுக்கு வந்தபோது பக்கிரி அழுதுகொண்டிருந்தார்.

இங்கேதான் ஒரு கோளாறு. 1981 வாக்கில் அவர் நினைவும் போகத் தொடங்கியிருந்தது. அது ஊர் மாறிப் போகவில்லை. எல்லோருக்கும் போவதுபோலத்தான், கடைசியாக வைத்தது முதலில் போயிற்று. சோறு போடுகிற கிழவி யார் என்று சில நாள் தெரியும், பல நாள் தெரியாது. அழுது முடித்துவிட்டு அந்தக் கிழவியிடம் அவர் சொன்னார்: "வைத்திக்குப்பத்துல ஒரு பொம்பள எங்கிட்ட வந்து பேசுது. நல்ல பொம்பள. பாவம், தலச்சன் புள்ள பூடுச்சாம். அதும் புருசன் என்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேக்கலயாம். என்னா மனுசன் அவன்! மனுசனா அவன்!"

"நாந்தான்யா அது!" என்று குஞ்சம்மாள் கத்தினாள். மூன்று தெருவுக்கும் கேட்டது. பக்கிரிக்குக் கேட்கவில்லை. மறு வெள்ளிக்கிழமை கரையில் போய், "நான் ஒம் பொண்டாட்டி" என்று அதே மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தாள். வீட்டில் பக்கிரி சிரித்தார். "அந்தப் பொம்பளக்கி எம்மேல ஆச வந்துட்டாப்ல இருக்குது. எம் பொண்டாட்டின்னு சொல்லிக்குது. எம் பொண்டாட்டி இப்புடியா பேசுவா? அவ தொண்டையத் தொறந்தா காக்கா பறந்துடும்." அது நியாயமான சந்தேகம். அவளுடைய மெல்லிய குரலை அவர் ஆயுளில் கேட்டதே இல்லை.

ஆக, குஞ்சம்மாள் எழுபது வயதில் தன் சக்களத்தியாகத் தானே ஆனாள். வெள்ளிக்கிழமை வந்தால் பக்கிரி முகம் மழித்துக்கொள்ள வேண்டும் என்பார். அவள்தான் மழித்துவிடுவாள். மழித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கரைக்குப் போய் அவருக்குப் பேசுவாள். சில வாரம் ஆத்திரத்தில் போகாமல் இருந்தும் பார்த்தாள். அவர் சாப்பிடவில்லை. மறுபடி போனாள். தான்தான் என்று ஒரே ஒரு தரமாவது அவர் தெரிந்துகொண்டு போக வேண்டும். அதைத் தவிர அவள் சாமியிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

1985 மாசியில் பக்கிரி படுத்தார். உள்ளங்கால் சில்லிட்டது, கண் மேலே சொருகியது, மூச்சு வருவதும் போவதுமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. சொந்தம் கூடிப் பால் ஊற்றியது. பால் கடைவாயில் வழிந்தது. பங்காளி ராஜாங்கம் இதில் அனுபவசாலி. "ஏதோ ஆச நிக்குது. அதத் தீத்தாத்தான் உசுரு எறங்கும்" என்றார். மூலக்குளத்தில் பக்கிரியின் அப்பாவுக்கு இருந்த நிலத்திலிருந்து மண் எடுத்துவந்து கரைத்து ஊற்றச் சொன்னார். நிலம் மனை போட்டு விற்றுப் பாதி வீடாகியிருந்ததால் வந்த மண்ணில் சிமென்ட் கலந்திருந்தது, பக்கிரி துப்பிவிட்டார். ஆலைப் பஞ்சை நெஞ்சில் வைத்தார்கள், தும்மினார். சாராயத்தில் துணியை நனைத்துச் சொட்டு விட்டார்கள். அதை மட்டும் விழுங்கிவிட்டு இரண்டு நாள் தெளிவாக இருந்தார். தூரத்திலிருந்து வந்தவர்கள் லீவு தீருகிறதே என்று முணுமுணுத்தார்கள்.

ஆசை என்ன என்று குஞ்சம்மாளுக்குத் தெரியும். என் புருஷன் இன்னொரு பொம்பளைக்காகக் காத்துக்கிட்டு இருக்கிறார், அந்தப் பொம்பளை நான்தான் என்று கூடியிருந்த சொந்தத்திடம் எந்த வாயால் சொல்வது? பெண்டாட்டி கையால் பால் விழ வேண்டும் என்று எல்லோரும் அவளைத் தலைமாட்டிலேயே உட்கார வைத்திருந்தார்கள். உட்கார்ந்தால் பால் ஊற்றலாம், பேச முடியாது. போனால் பேசலாம், முகத்தைப் பார்க்க முடியாது. ஒரு முற்பகல் அவள் பால் கிண்ணத்தைச் சந்திரகலாவின் கையில் திணித்துவிட்டு எழுந்தாள்.

"எங்கத்தே போற, இந்த நேரத்துல?"

"பீச்சுக்கு."

"அடிப்பாவி, புருசன் சாவக் கெடக்கறப்ப காத்து வாங்கப் போறா பாரு!" என்று பின்னால் யாரோ சொன்னது கேட்டது. ரிக்‌ஷா பிடித்தாள்.

கரையில் ஓட்டைப் படகோடு ஒட்டி உட்கார்ந்து வழக்கமான மெல்லிய குரலில், "வந்துட்டேன்யா. பயப்படாத. நிம்மதியாப் போயிட்டு வா" என்றாள். அவ்வளவு சொன்னால் போதும், உயிர் இறங்கிவிடும் என்று அவளுக்கே தெரிந்தது. அந்த நல்ல பொம்பளையின் குரலைக் கேட்டபடி அவர் சுகமாகப் போய்விடுவார். அங்கேதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்டவள் ஒருத்தி, கடைசி மூச்சை வாங்கிக்கொண்டு போகிறவள் இன்னொருத்தியா? எழுந்து நின்றாள். முந்தானையை உதறி இடுப்பில் சொருகினாள். சாரத்துத் தொண்டையைத் திறந்தாள்.

"யோவ் பக்கிரி! நாந்தான்யா, குஞ்சம்மா! இத்தினி நாளா இங்க குந்திப் பேசுனது நாந்தான்! செத்துப்போன புள்ள நம்ம புள்ளய்யா! நீ பெத்த புள்ள! வேற எவளும் ஒனக்காவ இம்மாந்தூரம் நடக்க மாட்டா! காதுல வுழுதா இல்லியா?"

வலை பிரித்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். படகின் மேலிருந்த காக்கைகள் பறந்தன. புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னது அவளுக்கு அதுதான் முதல் தடவை. பதிலுக்கு அலைதான் வந்தது. வீட்டுக்குத் திரும்பினாள்.

தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது. சந்திரகலா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். குஞ்சம்மாள் அழாமல் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"எதனா சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லலத்தே."

"சிரிச்சாரா?"

"அதெல்லாம் இல்ல. மொகத்த ஒரு மாதிரி சுளிச்சாரு. அப்புறம் இந்தக் கைய மெதுவாத் தூக்கி, காத ரெண்டு தரம் புடிச்சி இழுத்துகினாரு. எறும்பு கடிச்சிதோ என்னவோன்னு நா தட்டிவுட்டேன். அப்பவே பாலு உள்ள எறங்கிடுச்சி."

குஞ்சம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "பாத்தியா, சாவறப்பக்கூட எம் பேச்சப் பாதியில அறுத்துட்டான்" என்றாள். அந்தச் சைகையை அவர் உலகத்தில் வேறு எந்தப் பொம்பளைக்கும் காட்டியதில்லை. "ஆளத் தெரிஞ்சிகினுதான்டி போயிருக்கான்" என்று சொல்லி, பிறகு மூன்று தெருவுக்கும் கேட்க அழுதாள்.

காரியத்தன்று ஒரு பிரச்சினை வந்தது. உடம்பு எரிந்துவிட்டது, காது கரையில் கிடக்கிறதே, அதற்கு என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். அது யார் சோற்றையும் தின்னவில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று ராஜாங்கம் தீர்ப்புச் சொல்ல, எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பிற்பாடு ஒரு மழைக்காலத்தில் ஓட்டைப் படகை விறகுக்குப் பிளந்துவிட்டார்கள். இடம் அப்படியே இருக்கிறது. புருஷனிடம் சொல்லி முடிக்க முடியாததை வைத்திக்குப்பத்துப் பெண்கள் அங்கே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். வெள்ளிக்கிழமை மட்டும் அது குஞ்சம்மாளுக்கு. இப்போதெல்லாம் அவள் கத்தித்தான் பேசுகிறாள் என்பதால், அஞ்சலாட்சியும் மற்ற மீன்காரிகளும் அன்றைக்குக் கூடைகளைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்கிறார்கள்.