நிற்கிற வண்டியின் சத்தம்

வியாகுலம்மாள் கரண்ட் பெட்டியின் திருகை மெல்லத் திருப்பினாள். பலகை மேல் நின்ற பொம்மை ரயில் அசையவில்லை.

"இன்னும் கொஞ்சம் குடு," என்றார் இஞ்ஞாசி. முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து, படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கட்டிலில் சாய்ந்திருந்தார். பேசி முடித்ததும் வாயைத் திறந்து மூச்சை இழுத்துக்கொண்டார்.

இன்னும் கொஞ்சம் திருப்பினாள். எஞ்சினுக்குள்ளிருந்து ஒரு கனைப்பு வந்தது. இரண்டு தடவை உறுமிவிட்டு டுகுடுகுவென்று சீராகச் சத்தம் போட ஆரம்பித்தது. சக்கரம் மட்டும் சுழலவில்லை.

"முதல்ல சத்தம். பொறகுதான் ஓட்டம்."

"தெரியும். நீங்க பேசாம இருங்க."

இஞ்ஞாசி மைக் செட்காரர். மேட்டுப்பட்டித் திருவிழாவிலிருந்து வடமதுரைப் பக்கத்துக் காதுகுத்து வரைக்கும் அவருடைய ஸ்பீக்கர் குழாயைத்தான் கட்டுவார்கள். அடுத்தவர் விசேஷத்துக்கெல்லாம் சத்தம் கொடுத்த மனிதர், வீட்டில் ரேடியோவைக்கூடத் தணித்து வைக்கச் சொல்வார். மகன் மதியழகன் சிங்கப்பூருக்குக் கப்பல் பட்டறை வேலைக்குப் போய் முதல் லீவில் வந்தபோது, தண்டவாளத்தோடு ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்தான். பேரப்பிள்ளை பிறக்கிறவரைக்கும் தானே வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டவர், பேரன் பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் கொடுக்கவில்லை. ஒரு ப்ளைவுட் பலகையில் தண்டவாளத்தை வட்டமாக ஆணியடித்து, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை முடிந்து வந்ததும் ஓட்டுவார். கரண்ட் பெட்டியில் ஒரே ஒரு திருகு. கூட்டினால் வண்டி ஓடும், குறைத்தால் நிற்கும்.

போன லீவுக்கு வந்தபோதுதான் மதியழகன் இந்தப் புது எஞ்சினைக் கொண்டுவந்தான்.

"இது டிஜிட்டல்ப்பா. உள்ள ஒரு சில்லு இருக்கு, நெச வண்டி மாதிரியே சத்தம் போடும். ஆனா நம்ம பெட்டி பழைய அனலாக் பெட்டி. அதுல போட்டுறாதீங்க, எரிஞ்சு கிரிஞ்சு போயிரும். இதுக்குண்டான பெட்டிய அடுத்த லீவுல கொண்டாரேன்."

அவன் பஸ் ஏறின சாயங்காலமே இஞ்ஞாசி அதைத் தண்டவாளத்தில் வைத்துவிட்டார். கொஞ்சம் திருப்பினால் ஊமையாக நின்றது. இன்னும் திருப்பினால் சத்தம் போட்டது. அதற்கும் மேலே போனால்தான், பெரிய மனசு பண்ணி நகர்ந்தது. கரண்டைக் குறைத்தால் பேச்சைப் பாதியில் வெட்டினாற்போல் ஓய்ந்துபோனது. ஒருநாள் பழைய எஞ்சினையும் அதையும் ஒரே தண்டவாளத்தில் வைத்துப் பார்த்தார். திருகைத் தொட்டதுமே பழையது கிளம்பிவிட்டது. புதியது நின்ற இடத்திலேயே நின்று உறுமிக்கொண்டிருக்க, பழையது ஒரு சுற்று சுற்றிவந்து அதன் முதுகில் முட்டியது.

"ஏ வியாகுலம், இங்க ஓடியா. நம்ம ரெண்டு பேரையும் பாரு!"

"இதுல நான் எது?"

"எடத்த விட்டு எந்திரிக்காம முணுமுணுத்துக்கிட்டே நிக்கிது பாரு, அது."

"வேலையத்த மனுசன்," என்று அடுப்படிக்குப் போனாள். அவர் கண்ணில் படாத இடத்துக்கு வந்த பிறகுதான் சிரித்தாள்.

அந்த வருஷத்துக்குள்ளேயே அவருக்கு இதயம் தளர்ந்துவிட்டது. கால் வீங்கும், ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள், நீர் வற்றியதும் அனுப்புவார்கள், மறுபடி வீங்கும். கடைசித் தடவை போனபோது, "செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சும்மா, வீட்ல வச்சுப் பாத்துக்கங்க," என்றார் டாக்டர். வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கும்போது இஞ்ஞாசி அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "இனிமே என்னைய அங்க கூட்டிட்டுப் போகாத," என்றார்.

இரண்டு முக்காலி போட்டு ரயில் பலகையைக் கட்டில் பக்கத்துக்கு அவள்தான் கொண்டுவந்தாள். திருகைத் திருப்புகிற வலு அவர் விரலில் இல்லாமல் போனதும், அதுவும் அவளிடம் வந்தது.

அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் அவருடைய மூச்சு மாறியது. இழுத்த மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. நெற்றியைத் துடைத்தாள்; துணி நனைந்துவிட்டது.

"என்னங்க, ஆட்டோவுக்குப் போன் பண்றேன்."

அவர் தலையை ஆட்டி மறுத்தார். அவள் கேட்காமல் எழுந்தாள். போன் முன்னறையில் இருந்தது. பெட்டியின் திருகு தேய்ந்து தளர்ந்துபோன ஒன்று. கையை எடுத்ததும் தானாக இறங்கியது. எஞ்சின் சத்தம் அறுந்தது. இஞ்ஞாசி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"உக்காரு. அது சத்தத்தோட நிக்கட்டும்... ஓட வேணாம்."

நிலைப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில் வியாகுலம்மாள் நின்றாள். பத்து எட்டு வைத்தால் போன். அவருடைய அக்கா அருளாயி மதினி வீடு அடுத்த தெருவில்தான். சொன்னால் ஊரையே திரட்டிக்கொண்டு வந்துவிடுவாள்.

திரும்பி வந்து இன்னொரு முக்காலியில் உட்கார்ந்தாள்.

சத்தம் வரவும் வேண்டும், சக்கரம் சுழலவும் கூடாது. அப்படி ஒரு இடம் அந்தத் திருகில் நூலளவுதான் இருந்தது. தேடிப் பிடித்து, கட்டை விரலால் அழுத்திக்கொண்டாள். ஜங்ஷனில் சிக்னலுக்குக் காத்திருக்கிற வண்டி மாதிரி எஞ்சின் சீராக அதிர்ந்தது. அவர் முகத்தைச் சத்தம் வந்த பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். இடது கையால் அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள். மனசுக்குள் அருள்நிறை மரியே செபம் சொன்னாள், எத்தனை சொன்னாளோ.

கரண்ட் போனது.

கரண்ட் கட் ஊரையே ஆட்டிவைத்த வருஷம் அது. மின்விசிறி ஓய்ந்தது, எஞ்சின் ஓய்ந்தது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் பளிச்சென்று கேட்டது. அவருடைய அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு உட்கார்ந்த இடத்திலிருந்தே ஜன்னல் வழியாக அடுத்த வீட்டு ஜெய்தூன் பீவியைக் கூப்பிட்டாள்.

அருளாயி தலைவிரி கோலமாக ஓடிவந்து தம்பியின் மார்பில் விழுந்தாள். அறை நிறையப் பெண்கள் சேர்ந்து அழுதுகொண்டிருக்கும்போது கரண்ட் வந்தது. மின்விசிறி சுற்றியது. எஞ்சின் கனைத்து, இரண்டு தடவை உறுமி, டுகுடுகுவென்று ஆரம்பித்தது. அழுகை சட்டென்று நின்றது. எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். பிறகு, திருகிலிருந்து எடுக்காத வியாகுலம்மாளின் கையைப் பார்த்தார்கள்.

"அடிப் பாவி," என்றாள் அருளாயி. "எந்தம்பி உசுரு போற நேரத்துல ரயிலா விட்டுக்கிட்டிருந்த?"

வியாகுலம்மாள் கையை எடுத்தாள்.

மதியழகன் மறுநாள் காலையில் திருச்சியில் இறங்கிக் கார் பிடித்து வந்து சேர்ந்தான். அவன் பையைக் கீழே வைப்பதற்குள் அருளாயி சொல்லிவிட்டாள். கோவிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வருகிறவரைக்கும் அவன் ஒன்றும் கேட்கவில்லை. வந்தவர்கள் கலைந்த பிறகு அப்பாவின் அறைக்குள் வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"பழைய பெட்டியில போடாதீங்கன்னு சொன்னேன்ல."

"நீ பஸ் ஏறுன அன்னைக்கே போட்டுட்டாரு."

அவனுக்குச் சிரிப்புப் போல ஏதோ வந்து, முகம் கோணிக்கொண்டது. துண்டால் துடைத்துக்கொண்டான்.

"புதுப் பெட்டி வாங்கி ரூம்ல வச்சிருக்கேம்மா. அவசரத்துல எடுத்தார மறந்துட்டேன்."

"இருக்கட்டும்."

துண்டை மடித்துக்கொண்டே கேட்டான். "நீ போன் பண்ணியிருந்தா..."

"எந்திரிச்சேன்," என்றாள். "வண்டி நின்னுருச்சு. அப்பா என்னையப் பாத்தாரு. உக்காருன்னாரு." வலது கையை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டாள். "உக்காந்துட்டேன் மதி. தெரிஞ்சுதான் உக்காந்தேன்."

மதியழகன் அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டான். பலகையிலிருந்த எஞ்சினை இருவரும் தொடவில்லை.

நிலைப்படியில் நிழல் விழுந்தது. அருளாயி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. கையில், தன் வீட்டில் பொங்கிக் கொண்டுவந்த சோற்றுத் தட்டு. வலியெடுத்த முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தாள். ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நேத்துலருந்து பச்சத்தண்ணி பல்லுல படல ஒனக்கு," என்றாள், தட்டைப் பார்த்தபடியே. "கைய நீட்டு."

வியாகுலம்மாள் உள்ளங்கையை நீட்டினாள். அருளாயி ஒரு உருண்டை வைத்தாள். ஆவி அடங்காத சோறு சுட்டது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.