கண்காட்சிக்குப் புதிதாக வந்தவர்

பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்த அந்த அம்மாள்தான் வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து உயிருள்ள பவளம் வளர்ப்பவர்கள் சங்கத்தின் செயலாளர். பதவி என்றால் மாலை மரியாதை எல்லாம் கிடையாது. மண்டபம் பிடிப்பது, மின்சாரக்காரரிடம் கெஞ்சுவது, எல்லோரும் போன பிறகு தரையில் கொட்டிக் கிடக்கும் உப்புத் தண்ணீரைத் துடைப்பது, எல்லாம் அவர் தலையில்தான் விழும். “ஊர் வேலைன்னா உனக்குச் சோறு தண்ணி வேணாம்” என்று டாக்ஸி ஓட்டும் கணவர் அலுத்துக்கொள்வார். அலுத்துக்கொண்டே துடைப்பத்தையும் எடுத்து வருவார்.

சங்கத்தின் கண்காட்சி ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும். வாடகை மண்டபத்தின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி, மேசைகளில் ஆழமில்லாத தொட்டிகளை வரிசையாக வைத்து, மேலே நீல விளக்கைப் போடுவார்கள். விரல் நகம் அளவுள்ள பவளத் துண்டுகூட அந்த வெளிச்சத்தில் தணல்போல் ஒளிரும். வளர்ப்பவர்கள் தங்கள் தொட்டிகளில் ஒடித்து வளர்த்த துண்டுகளை விற்பார்கள், ஒருவருக்கொருவர் மாற்றிக்கொள்வார்கள். எள் போட்டால் விழாத கூட்டம். கூட்டம் நெருக்கினால் கண்காட்சி நன்றாக நடந்தது என்று அர்த்தம். செயலாளரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

ஒரு கண்காட்சி முடிந்து சில மாதங்கள் கழித்து, வேலைக்கூடத்தில் அவர் பல் அச்சுக்கான மெழுகை இழைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேசியது அறிமுகமில்லாத பெண். தன் கணவர் சலூன் வைத்திருப்பதாகவும், நேற்றிலிருந்து மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும், அங்கிருந்தே பேசுவதாகவும், சலூன் கண்ணாடியில் ஒட்டியிருந்த கண்காட்சி நோட்டீஸில் இந்த எண்ணைப் பார்த்ததாகவும் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அழுது முடித்த குரல் அது.

“சண்டைக்குக் கூப்பிடல மேடம். என்ன நடந்துச்சுன்னு டாக்டருங்களுக்கே புரியல. உங்க கண்காட்சியில வாங்கின கல்லு மேல, சலூன் குளியலறையில வச்சு வெந்நீர் ஊத்தினாரு. அதுக்கப்புறம்தான் இப்படி ஆச்சு. அது என்ன கல்லு?”

“பொத்தான் பொத்தானா பூ மாதிரி விரிஞ்சிருக்குமா?”

“ஆமா. பச்சையும் ஆரஞ்சும்.”

செயலாளர் கையிலிருந்த மெழுகைக் கீழே வைத்தார். சங்கத்தில் பழையவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். பொத்தான் பவளத்தில் சில வகைகளின் சதையில் கொடிய விஷம் உண்டு. கையுறை இல்லாமல் தொடக் கூடாது. கொதிக்கும் நீர் அதன்மேல் படவே கூடாது, ஆவியோடு சேர்ந்து விஷம் மூச்சில் ஏறிவிடும். எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.

அந்தப் பெண்ணிடம் தொலைபேசியை டாக்டரிடம் கொடுக்கச் சொல்லி, விஷத்தின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அதற்கு விஷமுறிவு மருந்து கிடையாது. ஆனால் எதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், எதைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க வேண்டும் என்பது டாக்டருக்குத் தெரிந்தது. பிறகு அந்தப் பெண்ணிடம், சலூனைப் பூட்டச் சொன்னார், வெந்நீர் ஊற்றிய அறைப் பக்கம் யாரும் போகக் கூடாது என்றார். மேலாளரிடம் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார். கணவர் சவாரியைப் பாதியில் இறக்கிவிடாமல் முடித்துவிட்டு நேரே வந்து நின்றார்.

இருவரும் முகமூடியும் ரப்பர் கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு சலூனின் பின்பக்கக் குளியலறைக்குள் போனார்கள். ஜன்னலே இல்லாத சின்ன அறை. வாளிக்குள் அந்தக் கல் கிடந்தது. பவளம் வெந்து கூழாகிச் சாம்பல் நிறத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளீச்சிங் பவுடரைக் கரைத்து அதில் கல்லை ஊறப்போட்டார்கள், சுவரையும் தரையையும் கதவின் கைப்பிடியையும் அதே தண்ணீரால் துடைத்தார்கள். முன்பக்கம், சுழல் நாற்காலிக்கு எதிரே, மீன்தொட்டி ஓடிக்கொண்டிருந்தது. முடி வெட்ட வரும் குழந்தைகள் அழாமல் இருப்பதற்காக சலூன்காரர் வைத்தது. பொத்தான் பவளம் உள்ளே பாறைகள் எல்லாவற்றின் மீதும் பரவியிருந்தது. கணவர் தொட்டியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அழகாத்தான் இருக்கு” என்றார். 

சலூன்காரர் பிழைத்துக்கொண்டார். ஆனால் போன மூச்சு முழுதாகத் திரும்பவில்லை. நுரையீரலில் வடு விழுந்துவிட்டது என்றார்கள். பேசும் அளவுக்குத் தேறியதும் செயலாளர் பார்க்கப் போனார். கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சலூன்காரரே ஆரம்பித்தார். பவளம் பரவிப் பரவித் தொட்டியை அடைத்துவிட்டதாம். குப்பையில் போட மனம் வரவில்லையாம், உயிருள்ளது என்பதால். வாடிக்கையாளர் ஒருவர் வெந்நீர் ஊற்றினால் நொடியில் போய்விடும், துடிக்காது என்றாராம். துடிக்கக் கூடாதே என்றுதான் வெந்நீர் ஊற்றினாராம்.

“வாங்கும்போது யாரும் எதுவும் சொல்லலையா?” என்று கேட்டார் செயலாளர்.

“நான் கேட்டேன். ‘இதைப் பத்தி ஏதாவது தெரிஞ்சுக்கணுமா’ன்னு. பெரிய மீசைக்காரர், எல்லாரையும் மருமகனேன்னு கூப்பிடுவாரே, அவருகிட்ட. அவரைச் சுத்திப் பத்துப் பேரு. ‘பார்த்துக்கலாம் மருமகனே, தூக்கிப் போட்டாலும் வளரும்’னாரு. பக்கத்துல இருந்தவங்க என்னென்னமோ பேசிக்கிட்டாங்க, எனக்கு ஒண்ணும் விளங்கல. திரும்பக் கேட்க வெக்கமா இருந்துச்சு. நமக்கு மட்டும்தான் தெரியலன்னு நெனச்சேன்.”

அவ்வளவு பேசியதற்கே அவருக்கு மூச்சு வாங்கியது. மனைவி தலையணையை உயர்த்தி வைத்தாள்.

மீசைக்காரர் யார் என்று செயலாளருக்குக் கேட்காமலே தெரியும். கண்டவரை எல்லாம் மருமகனே என்று அழைப்பதால் சங்கத்தில் அவருக்கு மாமா என்றே பெயர். கண்காட்சியின் பெரிய மேசை அவருடையது. அவர் கையால் பவளம் வாங்காத உறுப்பினர் கிடையாது, செயலாளரின் முதல் துண்டே அவர் சும்மா கொடுத்ததுதான்.

சங்கக் கூட்டத்தில் செயலாளர் நடந்ததைச் சொன்னார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எச்சரிக்கைப் பலகை வைத்தால் வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள் என்றார். வேறொருவர், சமையலறைக் கத்தியை விற்கிறவன் விரலைப் பற்றியா பேசுகிறான் என்று கேட்டார்.  கடைசியில் மாமா, “வெந்நீர் ஊத்துவான்னு நான் என்ன கனவா கண்டேன்?” என்றார்.

“கனவு காண வேணாம் மாமா. அவரு கேட்டாரு. பதில் சொல்ல அந்த ஒரு நிமிஷம் நம்மகிட்ட இல்ல. உங்ககிட்ட மட்டும் இல்ல, அந்த மண்டபத்துல யாருகிட்டயும் இல்ல. நான் பத்தடி தள்ளி வயர் சுத்திக்கிட்டு இருந்தேன்” என்றார் செயலாளர்.

மாமா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த ஆண்டு கண்காட்சிக்கு அவர் மேசை கேட்கவில்லை. அவரோடு இன்னும் இரண்டு பேர் விலகினார்கள்.

மண்டபத்தைப் பதிவு செய்யும் முன் செயலாளர் ஒரு காரியம் செய்தார். சலூன்காரரின் மனைவியைத் தேடிப் போய், எங்களோடு ஒருமுறை அந்த மண்டபத்தைச் சுற்றிப் பார்க்க வருவீர்களா என்று கேட்டார். அவள் தையல் கடையில் வேலை செய்கிறவள். நான் வந்து என்னத்தைச் சொல்லப் போகிறேன் என்று தயங்கினாள். “ஒண்ணும் தெரியாதவங்களுக்கு எங்க கண்காட்சி எப்படி இருக்கும்னு எங்க யாருக்கும் தெரியாது. எங்களுக்கு எல்லாம் தெரிஞ்சு போச்சு, அதான் தப்பு” என்றார் செயலாளர். அவள் வெகுநேரம் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வருகிறேன் என்றாள்.

காலி மண்டபத்தில் செயலாளர் ஒரே ஒரு தொட்டியை வைத்து நீல விளக்கைப் போட்டுக் காட்டினார். அவள் வாசலிலிருந்து மெதுவாக நடந்து வந்தாள். கண் இருட்டுக்குப் பழக நேரமானது, மேசைக் காலில் முட்டிக்கொண்டாள். வீட்டுக்குக் கொண்டுபோனாலும் இதே நிறம் இருக்குமா என்று கேட்டாள். இருக்காது என்றார் செயலாளர். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு பல்லின் நிறத்தை ஒப்பிட ஜன்னலோரம் போய் நிற்கிறவர் அவர். விளக்கு வெளிச்சத்தை நம்பி ஒரு பல்லைக்கூட வெளியே அனுப்பியதில்லை. பவளத்தை மட்டும் இத்தனை ஆண்டுகள் இருட்டில் விற்க விட்டிருக்கிறார்.

கால் வலித்தால் எங்கே உட்காருவது, விற்காதவர்களிடம் பேச வேண்டுமென்றால் யாரிடம் போவது என்றெல்லாம் அவள் கேட்டாள். செயலாளர் ஒவ்வொன்றையும் குறித்துக்கொண்டார். வெளியே வந்து படியில் நின்று செருப்பு வாரை மாட்டும்போது அவள் நிமிராமலே இன்னொன்றையும் கேட்டாள்.

“வாங்கினதுக்கு அப்புறம் வேணாம்னு தோணிச்சுன்னா, எங்க கொண்டு வர்றது அக்கா?”

முதல்முறையாக அவள் அக்கா என்று கூப்பிட்டாள். செயலாளரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொண்டுவர ஓர் இடம் இருந்திருந்தால் அந்த வாளியும் இல்லை, அந்த வெந்நீரும் இல்லை.

அந்த ஆண்டுக் கண்காட்சி பழைய கண்காட்சி மாதிரி இல்லை. கறுப்புத் துணி பாதி ஜன்னல்களுக்குத்தான் கட்டினார்கள். ஒவ்வொரு மேசையிலும் வெள்ளை விளக்கு ஒன்று, வாங்குகிறவர் கேட்டால் போட்டுக்காட்ட வேண்டும். நடைபாதைகளைச் சக்கர நாற்காலி போகும் அளவுக்கு அகலமாக விட்டதில் ஒரு வரிசை மேசையே குறைந்தது. சுவரோரம் பெஞ்சுகள் போட்டார்கள். வாசலுக்கு உள்ளே, விற்பனை இல்லாத ஒரு மேசையில் செயலாளரே உட்கார்ந்தார். முதல்முறை வருகிறவர்கள் அங்கே உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். விஷமுள்ள வகைகளுக்குச் சிவப்புத் தட்டு, அவற்றைக் கையுறையோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். மூலையில் ஒரு பெரிய தொட்டியில் உப்புத் தண்ணீர் மட்டும் இருந்தது. வேண்டாதவர்கள் எந்தப் பவளத்தையும் எந்த மாதத்திலும் சங்கத்திடம் திருப்பித் தரலாம், ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள்.

கூட்டம் குறைவுதான். பழைய உறுப்பினர்கள் சிலர், இது கண்காட்சியா பள்ளிக்கூடமா என்று முணுமுணுத்தார்கள். விற்பனையும் மந்தம். தலைவர் செயலாளர் பக்கம் வரவே இல்லை. மதியத்துக்கு மேல், ஒரு பெண் மூடி போட்ட டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து மூலைத் தொட்டியருகே நின்றாள். போன ஆண்டு வாங்கியதாம், இப்போது வீட்டில் கைக்குழந்தை இருக்கிறதாம், பயமாக இருக்கிறதாம். செயலாளர் டப்பாவைத் திறந்து பார்த்தார். பொத்தான் பவளம், நீல நிறம். கையுறையோடு வாங்கித் தொட்டியில் இறக்கினார். ஏன் என்று கேட்கவில்லை. அந்தப் பெண் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சுமையை இறக்கி வைத்தவளைப்போல் வெளியே போனாள். சாயங்காலத்துக்குள் இன்னும் சிலர் டப்பாவோடு வந்தார்கள்.

சலூன்காரர் வரவில்லை. வருவார் என்று செயலாளர் எதிர்பார்க்கவும் இல்லை.

சில வாரங்களுக்குப் பிறகு அவருடைய மனைவி தொலைபேசியில் ஒரு விஷயம் சொன்னாள். சலூன்காரர் இப்போது காலையில் மட்டும் கடை திறக்கிறார், உயரமான முக்காலியில் உட்கார்ந்தபடியே முடி வெட்டுகிறார். முந்தின நாள் பெரிய மீசைக்காரர் ஒருவர் வந்து நாற்காலியில் அமர்ந்தாராம். முடி வெட்டு என்றாராம், சவரமும் பண்ணிவிடு என்றாராம். அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லையாம். கண்ணாடியில் சலூன்காரரின் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். கழுத்தருகே கத்தியை வைத்தபோது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து நுரையில் விழுந்ததாம்.

“அடையாளம் தெரிஞ்சுதா உங்க வீட்டுக்காரருக்கு?” என்று கேட்டார் செயலாளர்.

“உள்ள வரும்போதே தெரிஞ்சுதாம். நான்தான் கோவப்பட்டேன், தெரிஞ்சும் ஏன் வாயை மூடிட்டு இருந்தீங்கன்னு. ‘பேசத்தான் வந்தாரு, வாய் வரல. வந்து உக்கார்ந்தாரே, அது போதாதா’ன்னு சொல்லிட்டாரு. எனக்குப் போதாதுக்கா. அவருக்குப் போதும் போல.”

 போதாதுதான் என்றார் செயலாளர்.

அடுத்த ஆண்டு மாமா மேசை கேட்டு எழுதவில்லை. கண்காட்சியன்று காலையில் மண்டபத்துக்கு வந்தார், மீசையை எடுத்திருந்தார், பலருக்கு அடையாளமே தெரியவில்லை. மூலைத் தொட்டியருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். திருப்பிக் கொண்டுவருகிறவர்களிடம் டப்பாவை வாங்கிக்கொண்டு, கையைக் கழுவிவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னார். நாள் முழுக்க ஒருவரையும் மருமகனே என்று கூப்பிடவில்லை.